முதலாளியைத் தேடிப் போன நாள்

கமலேஸ்வரி அக்காவுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது பதினெட்டாயிரத்து எழுநூறு ரூபாய். என் மனைவி சுப்பம்மாவை யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது இருபத்தைந்தாயிரம் வாங்கினேன். ஆயிரம், இரண்டாயிரம் என்று கொடுத்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் நின்றுபோனது. விதைப்பு முடிந்தால் அறுவடை தொடங்கும்வரை எங்கள் பக்கத்தில் கூலி வேலை இல்லை. துணுக்காயில் இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும், அக்காவுக்கும் தெரியும். அதனால் அவர் கேட்கவில்லை. கேட்கிற ஆளாக இருந்தால் ஒளித்துத் திரியலாம். கேட்காத ஆளின் முகத்தில் காலையும் மாலையும் முழிப்பதுதான் கஷ்டம்.

அவர் எங்கள் பக்கத்து வளவு. புருசன் செத்துப் பதினைந்து வருடம். மகள் கலியாணம் கட்டி வவுனியாவில் இருக்கிறாள். ஐந்து மாடும் ஒரு நாயும் வைத்துக்கொண்டு தனியே இருந்தார். அந்த நாயின் பெயர் முதலாளி. அக்கா விடிய எழும்பி மாட்டோடு மாரடிக்க, அவன் வாசல் படலையடியில் காலை நீட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு கிடப்பான். சாப்பாட்டு நேரம் மட்டும் முதல் ஆளாக வந்து நிற்பான். அதனால் அந்தப் பெயர்.

எங்கள் நாய் சிவலை. இரண்டும் குட்டியிலிருந்தே ஒன்றாகத் திரிந்தவை. இரண்டு வளவுக்கும் நடுவில் வேலியில் ஒரு ஓட்டை இருந்தது. நாங்கள் அதைப் பொட்டு என்று சொல்லுவோம். அதன் வழியாக இங்கே வருவதும் அங்கே போவதும்தான் அவற்றின் தொழில். சிவலைக்கு வைக்கிற சோற்றில் முதலாளி பாதி தின்பான். அவனுடைய கிடுகுச் சாய்ப்புக்குள் சிவலை போய்ப் படுப்பான்.

எங்கள் வளவின் பின்பக்கம் காடு. மார்கழியில் பன்றி வந்து மரவள்ளியைக் கிண்டத் தொடங்கியது. ஒரு பன்றி விழுந்தால் இறைச்சியை இரகசியமாக விற்று அக்காவின் கடனில் பாதியைக் கொடுக்கலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. பிடிபட்டால் தண்டம். தெரிந்துதான் செய்தேன். பழைய மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி ஒன்றை எடுத்து, பன்றி நுழைகிற பின்வேலி இடைவெளியில் சுருக்குப் போட்டேன். சுப்பம்மாவுக்கும் சொல்லவில்லை.

நான் யோசிக்காமல் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சிவலையை மாமரத்தில் கட்டினேன். முதலாளி இங்கே வரக்கூடாது என்று நடுவேலிப் பொட்டுக்குள் நாலு முள்ளுக் கொப்பை வெட்டி இறுக்கி அடைத்தேன். எல்லாம் பாதுகாப்பாகச் செய்துவிட்டேன் என்ற நிம்மதியோடு படுத்தேன். பிழை அதில்தான் இருந்தது. கட்டிவைத்த நாய் அனுங்கியது. அந்தச் சத்தத்துக்கு முதலாளி வந்திருக்கிறான். தினமும் வருகிற வழி அடைபட்டுக் கிடந்ததால், சுற்றிக்கொண்டு காட்டுப் பக்கத்தால் பன்றி வருகிற வழியில் வந்திருக்கிறான்.

விடியப் போய்ப் பார்த்தபோது கம்பியில் முதலாளி கிடந்தான். உடம்பு விறைத்துவிட்டது. சிவலை சத்தம் போடாமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.

உரப்பை ஒன்றில் போட்டுச் சைக்கிள் கரியரில் கட்டி, இரண்டு மைல் தள்ளி, பாதையோரத்துப் பற்றைக்குள் எறிந்துவிட்டு வந்தேன். மண்வெட்டி வீட்டில் இருந்தது. வாழ்நாள் முழுக்க மண்ணை வெட்டிச் சீவிக்கிறவன் நான். ஒரு கிடங்கு வெட்ட எனக்கு எவ்வளவு நேரம் போயிருக்கும்? யாராவது கண்டுவிடுவார்கள் என்ற பயத்தில் அதைக்கூடச் செய்யவில்லை. வந்து கம்பியைக் கழற்றி, பொட்டில் இருந்த முள்ளை இழுத்து எறிந்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன்.

எட்டு மணிக்கு அக்கா வந்தார்.

"நல்லதம்பி, எங்கட முதலாளியைக் கண்டனியோடா?"

"இல்லை அக்கா, காணேல்லை."

"பால் கறக்கேக்கையும் வரேல்லை. அப்பிடி நிக்க மாட்டான். குளத்துப் பக்கம் போனானோ தெரியாது, முதலை கிதலை இழுத்துக்கொண்டு போட்டுதோ... என்னோட ஒருக்கா வாவன்."

போனேன். குளக்கட்டு முழுக்க நடந்தோம். அக்காவுக்குச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைத்துவிட்டது. "நீயும் ஒருக்காக் கூப்பிடு தம்பி, உன்ர குரல் தூரம் கேக்கும்" என்றார். கூப்பிட்டேன். "முதலாளி! முதலாளி!" என்று இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கூப்பிட்டேன். என் குரல் தண்ணீரின் அடுத்த கரையில் பட்டுத் திரும்பி வந்தது.

ஐயாத்துரை வலையோடு கரையில் இருந்தான். என்னோடு மூட்டை ஏற்றுகிறவன். வாய் சும்மா இராது.

"என்னடாப்பா, விடியக் காத்தாலை முதலாளியைத் தேடித் திரியிறாய்? சம்பளம் தராமல் ஓடிட்டாரோ?"

அழுதுகொண்டு வந்த அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். சிரித்தேன் என்பதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

அன்றைக்கே சிவலை சாப்பாட்டை விட்டான். பொட்டடியில் தலையை வைத்துக்கொண்டு கிடப்பான். சோற்றை அங்கே கொண்டுபோய் வைத்தாலும் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புவான். ஒரு கிழமையில் விலா எலும்பு எண்ணலாம் போலாகிவிட்டது. என் மகள் சுரேகா பாடசாலை விட்டு வந்ததும் சட்டையும் மாற்றாமல் அவனுக்குப் பக்கத்தில் குந்திவிடுவாள்.

"அப்பா, அவனுக்குத் துணை இல்லை. அதுதான். இன்னொரு நாய் எடுப்பமே?"

"ஒண்டுக்கே சோறு இல்லை. ரெண்டாவதோ?"

"கஞ்சியிலே ரெண்டு அகப்பை தண்ணி கூட ஊத்தினாப் போச்சு," என்றாள் சுப்பம்மா, அவளுடைய மலையகத்துப் பேச்சில். "அறுவடை தொடங்கினா காலையிலே போயி பொழுதுபட்டுத்தான் வருவோம். ஒத்தையிலே கெடந்து அது செத்துப் போயிடுங்க."

"நாய்க்குத் துணை தேடுற அளவுக்கு நாங்கள் பெரிய ஆக்களோ? ரெண்டு கடுவன் ஒரு வளவுக்குள்ள நிண்டால் கடிபடும்."

"முதலாளியும் கடுவன்தானே அப்பா? கடிபட்டவையோ?"

நான் எழும்பிப் போய்விட்டேன். இரண்டாவது நாய் வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு நாளும் கதைத்தார்கள். நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாட்டுச் சொன்னேன். தெள்ளுப் பூச்சி வரும், வேலியைத் தாண்டி அயலவனின் கோழியைப் பிடிக்கும், ஊசி போடக் கொண்டு திரிய ஆள் இல்லை. எல்லாம் ஒரே பொய்தான். அந்த இடத்தில் இன்னொரு நாயைக் கொண்டுவந்து விட்டால், நான் செய்தது மூடுபட்டுவிடும். மூடுபட வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. அந்த ஆசையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள் பின்னேரம் அக்கா மட்டைப்பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குட்டி. முரசுமோட்டையில் இருக்கிற தங்கை வீட்டில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"வழியெல்லாம் என்ர சீலையை நனைச்சுப்போட்டுது, கள்ளன். இந்தா சுரேகா, பிடி."

சுரேகா பெட்டியை வாங்கிய வேகத்தில் கீழே விழப் பார்த்தாள்.

"நீங்களே வச்சிருக்கலாமே அக்கா?" என்று சுப்பம்மா கேட்டாள்.

"எனக்கு வேண்டாம் பிள்ளை. இனி ஒண்டை வளத்து, அதையும் காணாமல் தேடி... என்னால ஏலாது. உந்தச் சிவலை அங்க பொட்டுக்குள்ள தலையை விட்டுக்கொண்டு என்ர வீட்டு முத்தத்தைப் பாக்கிறான். அதைப் பாக்கத்தான் ஏலாமல் கிடக்கு."

"எங்களுக்கு வேண்டாம் அக்கா. ரெண்டு நாய்க்குப் போட என்னட்ட வழியில்லை," என்றேன்.

அக்கா சிரித்தார். "அதுக்கும் வழி வச்சிருக்கிறன். நீ எனக்குத் தர இருக்கிற காசை விடு. பதினெட்டாயிரத்துச் சொச்சம்தானே? அதை இந்த ரெண்டுக்கும் சோறாய்ப் போடு. என்னோட அண்டைக்கு வெயிலுக்குள்ள அலைஞ்சனீ. சொந்தச் சகோதரம்கூட அப்பிடி அலையாது."

சுப்பம்மா கண்ணைத் துடைத்தாள். சுரேகா குட்டியைச் சிவலைக்கு முன்னால் விட்டாள். சிவலை எழும்பவில்லை. தலையை மட்டும் தூக்கி மோந்து பார்த்தான். குட்டி போய் அவனுடைய சோற்றுச் சட்டிக்குள் முன்னங்காலை வைத்து நக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு கிடந்த சிவலை எழும்பி வந்து அதற்குப் பக்கத்தில் நின்று இரண்டு வாய் தின்றான்.

"பாத்தியோ, பாத்தியோ!" என்று அக்கா சின்னப் பிள்ளை மாதிரிக் கையைத் தட்டினார்.

எல்லாரும் சந்தோசமாக இருந்தார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் காரியம் எல்லாம் நல்லபடி முடிந்துவிடும். கடனும் இல்லை, சிவலையும் பிழைத்துவிடுவான். செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, சும்மா இருந்தால் போதும். அக்கா போகும்போது என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை பால் கறக்கிற நேரம் பார்த்துப் போனேன். மாட்டுக்குக் கீழே குந்தியிருந்தால் என் முகத்தைப் பார்க்க மாட்டார் என்று ஒரு நினைப்பு.

"அக்கா, முதலாளியை முதலை பிடிக்கேல்லை."

"அப்ப என்ன, யானையோ?"

"நான்தான். பண்டிக்குக் கம்பி கட்டினனான். அதில வந்து விழுந்திட்டான்."

பால் வாளியில் விழுகிற சத்தம் நின்றது. பிறகு திரும்பத் தொடங்கியது. அந்த மாட்டை முழுக்கக் கறந்து முடித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். கன்றை அவிழ்த்துவிட்டு வந்து வாளியைத் தூக்கிக்கொண்டு கேட்டார்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"அண்டைக்கு விடியவே."

"நான் வரமுந்தியோ?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ என்னோட குளக்கட்டில வந்தனீ?"

"ஓம் அக்கா."

"கூப்பிட்டியேடா. ரெண்டு கையையும் வாயில வச்சுக்கொண்டு கூப்பிட்டியே."

பன்றி பிடித்துக் கடன் தர நினைத்தேன் என்று சொல்ல வாய் வந்தது. அதைச் சொன்னால் பழியில் பாதியை அவருடைய காசின்மேல் போடுகிற மாதிரி இருக்கும். சொல்லவில்லை.

"எங்க கிடங்கு வெட்டித் தாட்டனீ?"

"தாட்டுப்போடேல்லை. பையில கட்டிப் பத்தைக்குள்ள எறிஞ்சிட்டன்."

அப்போதுதான் அவர் வாளியைக் கீழே வைத்தார். நாயைக் கொன்றதைக் கேட்டபோது வைக்கவில்லை. இதற்கு வைத்தார். தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார்.

"மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போ. இருக்கிறதைத் தாட்டுப்போட்டு வா. நான் வரேல்லை."

போனேன். பை கிழிந்து கிடந்தது. நரியோ எதுவோ இழுத்திருந்தது. இருந்ததை ஆழமாக வெட்டித் தாட்டேன். மேலே கல்லும் வைத்தேன். திரும்பி வந்தபோது அக்கா எங்கள் படலையடியில் நின்றார், உள்ளே வரவில்லை. சுப்பம்மாவும் சுரேகாவும் குசினி வாசலில் நின்றார்கள். அவர்களுடைய முகத்தைப் பார்த்ததும் அக்கா நடந்ததைச் சொல்லிவிட்டார் என்று விளங்கியது.

"தாட்டாச்சு," என்றேன்.

"குட்டி நிக்கட்டும். அது சிவலைக்குக் கொண்டுவந்தது, உங்களுக்கில்லை," என்றார். "அந்தக் காசு எனக்கு வேணும். பதினெட்டாயிரத்து எழுநூறும் தாங்கோ."

அவர் என்னை அதுவரை நீங்கள் என்று சொன்னதில்லை.

சுப்பம்மா என்னை ஏசவில்லை. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல," என்றாள், அவ்வளவுதான். சுரேகா குட்டிக்கு என்ன பெயர் வைத்தாள் என்று எனக்கு ஒரு கிழமைக்குப் பிறகுதான் தெரிந்தது, அதுவும் அவள் அதைக் கூப்பிட்டபோது. முந்தியென்றால் பத்துப் பெயர் சொல்லி, எது நல்லது அப்பா என்று கேட்டிருப்பாள்.

தை பிறந்து அறுவடை தொடங்கியது. கிடைத்த வேலைக்கெல்லாம் போனேன். பகலில் லொறிக்கு மூட்டை ஏற்றினேன். லொறி இல்லாத நாளில் றோட்டில் நெல் காயப்போட்டுக் கூட்டி அள்ளினேன். ஐயாத்துரை, "என்னடா, இந்த முறை காணி வாங்கப்போறியோ?" என்று கேட்டான். முதுகு நிமிராமல் வீட்டுக்கு வருவேன். சிவலையும் குட்டியும் பொட்டுக்குள்ளால் போய் அக்காவின் கிடுகுச் சாய்ப்புக்குள் படுத்திருக்கும். அக்கா அவற்றைக் கலைக்கவில்லை. நாய்களோடு கதைப்பார், எனக்குக் கேட்கும். நான் வேலியடிக்கு வந்தால் கதை நின்றுவிடும்.

அறுவடை தொடங்கி இருபத்து மூன்றாம் நாள் காசு சேர்ந்தது. குளித்துச் சேட்டுப் போட்டுக்கொண்டு படலையால் போனேன். அக்கா இருக்கக் கதிரை தரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. காசை மேசையில் வைத்தேன். இரண்டு தரம் எண்ணினார். கடன் எழுதிவைக்கிற கொப்பியை எடுத்து என் பெயர் இருந்த பக்கத்தை விரித்தார். முதல் இரண்டு வரியில் என் பெருவிரல் அடையாளம் இருந்தது. மகளோடு இருந்து எழுத்துப் பழகிய பிறகு நானே கையெழுத்து வைத்த வரிகள் அதற்குக் கீழே இருந்தன. கடைசி வரியிலும் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பக்கத்தின் குறுக்கே அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்தார்.

"நூறு ரூபா கூட இருக்கு," என்றார்.

"பரவாயில்லை அக்கா."

"இல்லை. எடுங்கோ."

கையில் தராமல் மேசை விளிம்பில் வைத்தார். எடுத்துக்கொண்டு வந்தேன்.