எதிரே வரும் சைக்கிள்

ஹாலோ பிளாக் கம்பெனியைத் தாண்டி நூறடிகூடப் போயிருக்கமாட்டாள், மெர்சியின் சைக்கிள் செயின் அறுந்து தார்ரோட்டில் விழுந்தது. கழன்றிருந்தால் அவளே மாட்டிவிடுவாள். மகள் ஹர்ஷிணி பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போய், அவள் காலேஜ் பஸ் ஏற ஆரம்பித்தபிறகு அம்மாவிடம் வந்த சைக்கிள் அது. வேலிமுள் குத்தி மாதம் ஒருமுறை பஞ்சர் ஆகும். மழை பெய்தால் பிரேக் பிடிக்காது. ஒருநாள் இடது பெடல் தனியாகக் கழன்று ரோட்டில் உருண்டது. எதற்கும் மெர்சி அதைத் திட்டியதில்லை. "இரு கண்ணு, இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று சீட்டைத் தட்டிக்கொடுத்து ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். ஆனால் அறுந்த செயினைத் தட்டிக்கொடுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. மணி ஆறேகால். பள்ளிக்கூடம் இன்னும் நாலு கிலோமீட்டர்.

அன்னூர்ப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைப்பவள் அவள். நாற்பத்து மூன்று பிள்ளைகள். தோட்டத்துக்கும் தறிக்கும் போகிற பெற்றோர் ஏழு மணிக்கே வீட்டைப் பூட்டிவிடுவதால், பாதிப் பிள்ளைகள் ஏழரைக்கெல்லாம் வந்து சமையல்கட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிடும். இரண்டாம் வகுப்பு யஷ்வந்த் மட்டும் வாசற்படியிலேயே நின்று, "இன்னிக்கு என்னங்க?" என்று கேட்பான். சில நாள் அவன் முந்தின ராத்திரி எதுவும் சாப்பிட்டிருக்கமாட்டான் என்பது அவன் கேட்கிற விதத்திலேயே அவளுக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் ஒருநாளும் அவள் பிந்தியதில்லை. ஸ்டோர் ரூம் சாவி அவள் பையில்தான் இருந்தது.

கூட வேலை செய்யும் ராசம்மாளுக்குப் போன் போட்டாள்.

"கேட்டு முன்னாலதான் நிக்கறனுங்க அம்மணி. சாவி இல்லாம நான் என்னத்தப் பண்ணுவேன்?" என்றாள் ராசம்மாள்.

கணவன் கதிர் கோழி வண்டியோடு நாலு மணிக்கே பல்லடம் போய்விட்டான். மெர்சி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் எதிரே அந்த ஆள் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நரைத்த தாடி, சட்டையிலும் காதோர முடியிலும் பஞ்சு. நைட் ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து திரும்புகிறவர். இரண்டு வருடமாக தினமும் இதே ரோட்டில் எதிரெதிரே கடக்கிறார்கள். ஹாலோ பிளாக் கம்பெனியைத் தாண்டி அவரைப் பார்த்தால் அவள் நேரத்துக்குப் போகிறாள். அதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டால் கொஞ்சம் அழுத்தி மிதிக்கவேண்டும். கடிகாரத்தைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துப் பழகியிருந்தாளே தவிர, ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் பிரேக் பிடித்து ஒற்றைக் காலை ஊன்றி நின்றார்.

"என்னாச்சுங்க டீச்சரம்மா?"

"செயின் அத்துப்போச்சுங்ணா. நான் டீச்சர் இல்லீங்க. பசங்களுக்குக் காலையில ஆக்கிப்போடறவ."

"அப்ப இன்னும் அவசரமுங்க. டீச்சருன்னா பசங்க காத்திருப்பாங்க, பசி காத்திருக்காதே." அவர் இறங்கித் தன் சைக்கிளை அவள் பக்கம் சாய்த்தார். "இதை எடுத்துட்டுப் போங்க. கேரியர் இல்லீங்க, இருந்தா நானே கொண்டுபோய் உட்ருவேன். உங்க வண்டிய நான் தள்ளிட்டுப் போறேன்."

"நீங்க ராவெல்லாம் நின்னு வேல செஞ்சுபோட்டு வாரீங்க. எப்படிங்ணா நடப்பீங்க?"

"ஊட்டுக்குப் போயித் தூங்கத்தான் போறேன். கொஞ்சம் லேட்டாத் தூங்கறேன், அவ்வளவுதானே."

அது உயரமான பார் வைத்த ஆம்பிளை சைக்கிள். சேலையோடு பாரைத் தாண்டிக் காலைப் போட முடியாது. மெர்சி ரோட்டை முன்னும் பின்னும் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். பத்து வயதில் மாமாவின் சைக்கிளில் பழகியதுபோல, பாருக்கு அடியில் வலது காலை நுழைத்து, அரைப்பெடலில் உடம்பைக் கோணிக்கொண்டு மிதித்தாள். முதல் பத்தடி வண்டி இப்படியும் அப்படியும் ஆடியது. பிறகு நேரானது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவர் சிரித்திருந்தாலும் அவளுக்குக் கேட்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் ராசம்மாள் சிரித்தாள், வேண்டிய மட்டும். சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். எட்டு இருபதுக்கு ரவா கிச்சடி தயாரானது. யஷ்வந்த் இரண்டாம் தடவையும் தட்டை நீட்டியபோதுதான் மெர்சிக்கு மூச்சு சீரானது.

சாயங்காலம் வீட்டு வாசலில் அந்தச் சைக்கிளை நிறுத்தும்போதுதான் அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது உறைத்தது. சனியும் ஞாயிறும் பள்ளிக்கூடம் கிடையாது. அவர் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, போன் நம்பர் வாங்கவில்லை. அவருக்கோ இன்றைக்கும் ஷிப்ட் இருக்கும்.

"எந்த மில்லுன்னாச்சும் கேட்டியா?" என்றான் கதிர்.

"கேக்கலையே. குடுத்தாரு, வாங்கிட்டு வந்துட்டேன்."

கதிர் சனிக்கிழமை அந்த ரோட்டோர மில் இரண்டின் கேட்டில் போய் விசாரித்துவிட்டு வந்தான். நரைத்த தாடிக்காரர் என்பதை வைத்துக்கொண்டு யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மெர்சி இரண்டு நாளும் காலையில் அதே நேரத்துக்கு ரோட்டில் போய் நின்றாள், அவர் வரவில்லை. மற்ற நேரமெல்லாம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ராத்திரி முழுக்க நின்ற மனிதனை நடக்கவிட்டு வந்த குற்றவுணர்வுக்கு வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்பினாள். ஹாலோ பிளாக் கம்பெனிக்கு முன்னால் நின்று காத்திருந்தாள். தூரத்தில் அவளுடைய நீலச் சைக்கிள் வந்தது. புதுச் செயின். பிரேக் கட்டையும் மாற்றியிருந்தார்.

"மன்னிச்சுக்குங்ணா. வெள்ளிக்கெழமன்னு நெனப்பே இல்லீங்க. ரெண்டு நாளா எப்படிங்க மில்லுக்குப் போனீங்க?"

"இதுலதானுங்க. ரெண்டு நாளும் ஓவர்டைமு, திரும்பறப்ப மணி ஒம்பதாயிருச்சு. பொம்பளப்புள்ள வண்டியில வாரேன்னு மில்லே சிரிச்சுது. சிரிக்கட்டும், நல்லா ஓடுது. பிரேக்குதான் பிடிக்கல, மாத்திப்போட்டேன். இத்தன நாளு எப்படி ஓட்டுனீங்க?"

"பேசிப் பேசித்தானுங்க."

அவர் அதைச் சாதாரணமாக ஏற்றுக்கொண்டு தலையாட்டினார். செயினுக்கு எவ்வளவு ஆச்சு என்று அவள் கேட்டதற்கு, மில்லுல மெஷின் ரிப்பேர் பாக்கற பிட்டரே நான்தானுங்க, அங்க சும்மா கெடந்த செயினுதான் என்றார். அப்துல் மஜீத் என்று பெயர் சொன்னார். அவள் தன் பெயரைச் சொன்னாள். கிச்சடி கொஞ்சம் டப்பாவில் கொண்டுவந்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. ஆனால் கிச்சடி ஆவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

அவரவர் வண்டியை வாங்கிக்கொண்டு ஏறினார்கள். மெர்சிக்குக் கால் பெடலுக்கு எட்டவில்லை. அவர் தன் உயரத்துக்குச் சீட்டை ஏற்றிவைத்திருந்தார். விரல் நுனியால் எட்டி மிதித்தபடி அவள் திரும்பிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் சுடிதார் போட்டுக்கொண்டு அவர் சைக்கிளில் சர்ச்சுக்குப் போவதற்காகக் கதிர் அடிமட்டம்வரை இறக்கிவிட்ட சீட்டில் உட்கார்ந்து, முழங்கால் இரண்டும் ஹேண்டில் பாரை இடிக்க, அப்துல் மஜீத் நிதானமாக மிதித்துப் போய்க்கொண்டிருந்தார். இருவரும் நிறுத்தவில்லை.