நெற்றித் தாத்தா

என் கண்ணுக்குத் தப்பிய பிழை கிடையாது என்று அச்சகத்தில் எனக்குப் பெயர். முப்பத்து நான்கு வருஷம் புரூஃப் பார்த்தவன். எனக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தாளை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன் என்றால் ஒரு புள்ளி, ஒரு கமா நகர முடியாது. இதைப் பெருமையடிக்கச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவன் மூன்று வருஷமாக எதைக் கோட்டைவிட்டேன் என்று சொல்லப்போகிறேன், அதற்காகச் சொல்கிறேன்.

மகள் இருப்பது ரயிலில் பதினெட்டு மணி நேரத் தூரத்தில். அவளுக்கு ஒரு பெண் குழந்தை, மூன்றரை வயசு, வீட்டில் வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். பிரசவத்துக்கு என் மனைவி மட்டும் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தாள். எனக்கு அப்போது அச்சகத்தில் லீவு தரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு முழங்கால் ஆபரேஷன் வந்து தொலைத்தது. ஆக, பேத்தியை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோ கால், அதுதான் எங்கள் உறவு.

என் மனைவி கையை நன்றாக நீட்டி, போனை எதிரே பிடித்துச் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். நான் அப்படியில்லை. கண்ணாடியைக் கழற்றுவேன், போனை மூக்கடியில் கொண்டுவருவேன். அப்போதுதான் குழந்தையின் பல்வரிசை முதல் கன்னத்தில் ஒட்டிய சோற்றுப் பருக்கை வரை தெளிவாகத் தெரியும். வாண்டு என்னைப் பார்த்ததும் விரலால் திரையை ஓர் அழுத்து அழுத்தி “டிங் டாங்” என்பாள். “யாரது?” என்பேன். “நான்தான்” என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். ஏதோ விளையாட்டு, குழந்தைக்குப் பிடித்திருக்கிறது, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மகள் மட்டும் வாராவாரம், போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்கப்பா என்பாள். காதில் போட்டுக்கொண்டால்தானே. எனக்கே எப்படிப் பார்ப்பது என்று பாடம் எடுக்கிறாயா என்று ஒரு முறை வள்ளென்று விழுந்தேன். அதோடு அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மகள் வீட்டுக்குப் போவது என்று முடிவானது. இரண்டு மாதமாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ரயிலில் எதிர் சீட்டுக்காரர், பக்கத்து சீட்டுக்காரர், டிக்கெட் பரிசோதகர் என்று ஒருவர் விடாமல் பிடித்து வைத்து, பேத்தி ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்ளப்போவதைச் சொன்னேன். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏசிக் குளிர் ஆகாது என்று சொல்லி ஒரு கம்பளிக் குல்லாயை என் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தாள். அப்படியும் இறங்கும்போது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. மகள் கதவைத் திறந்ததும் வாண்டு அவள் காலுக்கு நடுவில் புகுந்து ஓடிவந்தாள். நான் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்தேன். குழந்தை என்னைச் சுற்றிக்கொண்டு போய், “பாட்டி” என்று என் மனைவியின் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

நான் விரித்த கை விரித்தபடி நின்றேன். வாண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த அங்கிள் யாரு என்று கேட்டாள்.

தாத்தாடி என்றாள் மகள். தாத்தாதான் என்றார் மாப்பிள்ளை. நானும் என் தகரக் குரலில் தாத்தா கண்ணு என்றேன். அவள் அசையவில்லை. தாத்தாவுக்கு பெல் இருக்கும், இந்த அங்கிளுக்கு இல்லை என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். பெல்லாவது மண்ணாவது, எங்கள் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளை பாவம், ஒரு சைக்கிள் மணியைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்து அடித்துக் காட்டச் சொன்னார். அடித்தேன். வாண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். சனிக்கிழமையும் நான் அங்கிள்தான். வீட்டில் குளிர் வேறு, குல்லாயைக் கழற்றினால் என் மனைவி முறைக்கிறாள். அவள் மடியிலேயே குழந்தை சாப்பிட்டது, விளையாடியது, தூங்கியது. நான் சோபா மூலையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே பக்கத்தில் நாலு பிழை இருந்தது. அதைச் சொல்லிக் காட்டக்கூட மனசு வரவில்லை. நாலு நாளில் ஊருக்குத் திரும்ப டிக்கெட் போட்டிருந்தோம். அதற்குள் இந்தக் குழந்தை ஒரு தடவையாவது என்னைத் தாத்தா என்று கூப்பிடுமா என்பது ஒன்றுதான் எனக்குக் கவலை. உடம்பு சரியில்லையாப்பா என்று மகள் கேட்டதற்கு எரிந்து விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்துமஸ். சுடச்சுட வெந்நீர் குடித்துக் குடித்துக் குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. சர்ச்சுக்குப் போய்வந்ததும் மகள் கேக் வெட்டினாள். வாண்டு எல்லாருக்கும் கொடுத்தாள், எனக்கும் ஒரு சின்னத் துண்டு கிடைத்தது. இருப்பதிலேயே பெரிய துண்டை, மேலே சிவப்புச் செர்ரி வைத்ததை, ஒரு தட்டில் எடுத்து மேஜை மேல் தனியாக வைத்தாள். அது யாருக்கு என்று என் மனைவி கேட்டாள். தாத்தா வந்ததும் அவருக்கு என்றாள். நான் சும்மா இருக்காமல் தட்டின் பக்கம் கையை நீட்டினேன். அங்கிள், தொடாதீங்க என்று என் கையைத் தட்டிவிட்டாள்.

எனக்கே வைத்த கேக்கை எனக்கே தரமாட்டேன் என்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எழுந்து படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அப்போது மணி பத்து. வெளியே வாண்டு அம்மாவின் போனைப் பிடுங்குவது கேட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, தாத்தாவுக்குப் போன் போடு என்று ஒரே பிடிவாதம். மகள் வேறு வழியில்லாமல் போட்டிருக்கிறாள். என் சட்டைப் பையில் போன் அடித்தது.

பழக்கதோஷம். கண்ணாடியைக் கழற்றினேன். போனை மூக்கடியில் கொண்டுவந்தேன். குல்லாயின் விளிம்பு கண்ணை மறைத்தது, அதையும் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தேன்.

“தாத்தா!”

அந்தக் கூச்சல் போனிலும் கேட்டது, கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்டது. வாண்டு விரலை நீட்டித் திரையை அழுத்தினாள். டிங் டாங். அன்றைக்குத்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக, திரையின் ஓரத்தில் இருக்கும் என் சின்னச் சதுரத்தை நான் பார்த்தேன். அதில் கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. சதுரம் முழுக்க ஒரு வழுக்கை நெற்றி. நட்டநடுவில் மிளகு மாதிரி என் மச்சம்.

அதுதான் பெல். மூன்று வருஷமாகக் குழந்தை பார்த்த தாத்தா அவ்வளவுதான். ஊரார் பிழையெல்லாம் பிடித்த மகாமேதை, தன் மூஞ்சியே திரையில் விழவில்லை என்பதைப் பார்க்கவில்லை. மகள் சொன்னாள், வாராவாரம் சொன்னாள். நான்தான் கேட்கவில்லை.

எப்ப வருவீங்க தாத்தா, கேக் வச்சிருக்கேன் என்றாள் வாண்டு.

“வந்துட்டேன் கண்ணு. உள்ளே ரூம்லதான் இருக்கேன். வந்து கதவைத் தட்டு.”

ஓடிவரும் சத்தம் கேட்டது. நான் முழங்காலைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் மண்டியிட்டேன். கதவைத் திறந்து தலையைக் குனிந்துகொண்டேன், நெற்றி மட்டும் தெரியும்படி. ஓடிவந்த குட்டிக் கால்கள் என் முன்னால் வந்து நின்றன. அப்புறம் கேக்கின் ஈரம் ஒட்டியிருந்த ஒரு குட்டி விரல் என் மச்சத்தை அழுத்தியது.

“டிங் டாங்.”

“யாரது?”

“நான்தான்” என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் நிமிரவே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டியது, அதை யாரும் பார்க்க வேண்டாம் என்றுதான். மகள் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அவளிடம் நீ சொன்னது சரிதாம்மா என்றேன். முப்பது வருஷத்தில் இப்போதுதானா என்று கேட்டுவிட்டு அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாண்டு மேஜைக்கு ஓடித் தட்டை எடுத்துவந்தாள். செர்ரியை எடுத்து என் வாயில் வைத்தாள். கேக்கைப் பிட்டுக் கொடுக்கப் போனவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். அறையை எட்டிப் பார்த்தாள், சோபா மூலையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் காதோரம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

“அந்த அங்கிளுக்கும் பாதி குடுங்க தாத்தா. பாவம், ரெண்டு நாளா யாருமே அவர்கூட விளையாடல.”

கட்டாயம் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கட்டிலில் கிடந்த குல்லாயை அவளுக்குத் தெரியாமல் தலையணைக்கு அடியில் தள்ளினேன். அங்கிளின் பாதியையும் நான்தான் தின்றேன்.