மாடிப்படிக்கு ஒரே விளக்கு

பயிற்சிப் பலகையில் மாட்டியிருந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேலே இருந்த சுவிட்சை அவள் தட்டினாள். அணைந்தது. கீழ்ச் சுவிட்சைத் தட்டினாள். எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் மாற வேண்டிய விளக்கு, இப்போது எரிந்திருக்க வேண்டும், எரியவில்லை. மறுபடி மேலே தட்டிப் பார்த்தாள், அப்போதும் இல்லை. கீழ்ச் சுவிட்சைப் பழையபடி திருப்பிய பிறகுதான், போனால் போகிறது என்பது போல விளக்கு எரிந்தது.

“என்னக்கா, கண்ணாமூச்சி ஆடுதா?” என்றார் மாஸ்டர். எலக்ட்ரீஷியன் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர் போலப் பேசினாலும் அவளைவிட வயதில் சின்னவர். வேலை நேரத்தில் அவள் அவரை மாஸ்டர் என்பாள், டீ குடிக்கும்போது தம்பி என்பாள். அவருக்கு அவள் எப்போதுமே அக்காதான். “காமன மாத்திக் குடுத்துட்டீங்க. கழட்டிச் சரியா மாட்டுங்க” என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அவள் உடனே கழற்றவில்லை. நாற்பது வயதுக்கு மேல் தையலை விட்டு இந்த வேலைக்கு வந்ததே இப்படிப்பட்ட குடைச்சலால்தான். தையல் மெஷினின் மோட்டார் நின்றுபோன ஒருநாள் அதைத் திறந்து பார்த்தவள், துணியை மறந்துவிட்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் அதே கதைதான். தப்பாகக் கொடுத்தால் எரியாமலே போக வேண்டியதுதானே? பாதி நேரம் எரிகிறதே, எப்படி?

இரவு சாப்பாட்டு மேசையில் இரண்டு ஸ்பூன்களைச் சுவிட்சுகளாக வைத்து, நடுவே தையல் நூலை ஒயராக ஓட்டினாள். ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைக்கும் டூ-வே சுவிட்சுக்கு மூன்று வாய். ஒன்று பொது, அதுதான் காமன். சுவிட்சைத் தட்டும்போது அந்தப் பொது வாய் மற்ற இரண்டில் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்கும். கரண்ட் பொது வாயில் வந்து இறங்கினால், இரண்டு நூலில் ஏதாவது ஒன்றில் எப்போதும் ஓடும். பக்கத்து வாயில் இறங்கினாலோ ஒரே ஒரு நூலில்தான் ஓட முடியும். அந்த ஒற்றை நூலை இரண்டு சுவிட்சும் ஒரே நேரத்தில் பிடித்திருந்தால் மட்டுமே விளக்கு எரியும். எந்தப் பக்கம் யார் விட்டாலும் இருட்டுதான்.

“சாப்பிடுற ஸ்பூன வெச்சு என்னம்மா பண்ற?” என்றாள் மகள்.

“கரண்ட் எந்த வழியா வீட்டுக்குப் போகுதுன்னு பாக்குறேன்.”

“அது போயிடும், நீ தூங்கு.”

அடுத்த வாரம் ஒரு மாடி வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. கீழே அண்ணன் குடும்பம், மேலே தம்பி குடும்பம். இரண்டுக்கும் நடுவில் உள்பக்கமாக வளைந்து ஏறும் படிக்கட்டு. ஜன்னல் இல்லாததால் பகலிலேயே வளைவில் இருட்டு அப்பிக் கிடந்தது. கதவைத் திறந்த அண்ணன் மனைவி, வாங்க என்று சொல்வதற்கு முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

“இந்தப் படிக்கு ரெண்டு லைட் போடணும். எங்களுக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு. அவங்க லைட்டு எங்க கைக்கு எட்டக் கூடாது, எங்க லைட்டு அவங்க கைக்கு எட்டக் கூடாது.”

மாஸ்டர் தலையாட்டிக்கொண்டே சுவரை அளக்க ஆரம்பித்தார். அந்த அம்மாளுக்கு யாரிடமாவது கொட்டிவிட வேண்டும் போலிருந்தது. கொழுந்தனார் ஒரு சாயங்காலம் இருட்டில் படி தவறி விழுந்துவிட்டாராம். காலில் எலும்பு முறிந்து, இன்னமும் கைத்தடியோடுதான் நடமாட்டம். லைட்டை இவள்தான் அணைத்து வைத்தாள் என்று ஓரகத்தி ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாளாம். அன்றோடு பேச்சு நின்றது.

“நான் தொடவே இல்ல. அதுக்கு முன்னாடியும் இப்படித்தான், நான் போட்டா எரியாது. மேல அவ அணைச்சு வெச்சிருப்பா. பழிய மட்டும் என் தலையில கட்டுறா.”

பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. “நீங்க போட்டா எப்பவுமே எரியாதா, இல்ல சில நேரம் எரியுமா?”

“மேல அவ அணைக்காம இருந்தா எரியும்.”

அவள் விறுவிறுவென்று படியேறினாள். மேல் வீட்டு வாசலில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்ற தம்பி மனைவியிடம் அதே கேள்வியைக் கேட்டாள்.

“கீழ அவங்க அணைக்காம இருந்தா எரியும். அணைச்சுட்டாங்கன்னா நாங்க இங்க என்ன தட்டினாலும் வராது” என்றாள் தம்பி மனைவி.

அவள் இறங்கி வந்தாள். பலகையில் நடந்தது போலவே தெரிகிறது, சுவிட்சைத் திறந்து பார்த்துவிடலாம் என்று மாஸ்டரிடம் மெதுவாகச் சொன்னாள். அவர் தாடையைச் சொறிந்தார்.

“அக்கா, அவங்க கேட்டது ரெண்டு லைட்டு. போட்டுட்டுப் போவோம். குடும்ப விவகாரத்துல நாம தலைய விட வேணாம்.”

“தலைய எங்க விடுறேன் தம்பி, ஸ்குரு டிரைவரத்தான விடுறேன்.”

வேலை நேரத்தில் தம்பி என்றதை இருவருமே கவனித்தார்கள். மாஸ்டர் போய் மெயினை அணைத்தார். அவள் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, கீழ்ச் சுவிட்சைச் சுவரிலிருந்து வெளியே இழுத்தாள். மேலே இருந்தது பழுத்த மஞ்சள் நிறச் சுவிட்ச், இது வெள்ளை வெளேரென்று இருந்தது. பின்புறம் பார்த்தாள். பொது வாய் இந்தச் சுவிட்சில் நடுவில் இல்லை, ஓரத்தில் இருந்தது. கரண்ட் வரும் ஒயரோ நடுவில் திருகப்பட்டிருந்தது. பலகையில் அவள் செய்தது இங்கே சுவருக்குள் இருந்தது. ஒரு கணம் சிரிப்புகூட வந்தது. பிறகு கைத்தடி ஞாபகம் வந்தது.

“இந்தச் சுவிட்ச எப்ப மாத்தினீங்க?”

“அது உடைஞ்சு போச்சு. எங்க வீட்டுக்காரர்தான் மாத்தினார். பழசு எப்படி இருந்துச்சோ, அதே மாதிரி அந்தந்த இடத்துல பாத்துப் பாத்து மாட்டினார். அதுக்கப்புறம்தான்…” அந்த அம்மாள் நிறுத்திக்கொண்டாள்.

“பாத்துத்தான் மாட்டியிருக்கார். இந்தக் கம்பெனியில காமன் இருக்குற இடம் வேற. போன வாரம் நானும் இதே தப்பத்தான் பண்ணேன். ரெண்டு சுவிட்சும் ஒத்துப் போனாத்தான் லைட்டு வரும், ஒருத்தர் மாத்தித் தட்டிட்டா இன்னொருத்தர் என்ன தட்டினாலும் வராது. யாரும் வேணும்னு அணைக்கலைங்க.”

அந்த அம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப, அன்னிக்கு நான் சொன்னதும் நிஜம், அவ சொன்னதும் நிஜமா?”

“ரெண்டு பேருக்கும் அப்படித்தான் தெரிஞ்சிருக்கும்.”

“தன் கையாலதான் தம்பி விழுந்தான்னு தெரிஞ்சா அவரு தாங்க மாட்டார்” என்றாள் அந்த அம்மாள், மிகத் தாழ்ந்த குரலில். மாஸ்டர் ஒயர் சுருளை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “ரெண்டு லைட்டு வேணாம்” என்றாள், அவரைப் பார்த்து. “இதையே சரி பண்ணிடுங்க.”

இரண்டே திருகுதான். ஓர ஒயரையும் நடு ஒயரையும் இடம் மாற்றி மாட்டி, சுவிட்சைச் சுவருக்குள் தள்ளி மூடினாள். மாஸ்டர் மெயினைப் போட்டதும் வளைவில் விளக்கு எரிந்தது.

“மேல ஒருத்தர் தட்டிப் பாக்கணும்” என்றாள். மாஸ்டர் படியில் காலை வைத்தார். அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அண்ணன் மனைவிக்குப் புரிந்தது. படிக்கட்டின் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். “ஏம்மா” என்றாள். பிறகு குரலை உயர்த்தினாள். “ஏம்மா, அந்தச் சுவிட்சக் கொஞ்சம் தட்டிப் பாரேன்.”

கைப்பிடிக்கு மேலே தம்பி மனைவியின் முகம் எட்டிப் பார்த்தது. “என்னவாம்?”

“ஒயரு இடம் மாறியிருந்துச்சாம். அதான் ரெண்டு பேருக்கும் எரியாமப் போயிருக்கு.”

“எப்பலேருந்து?”

கீழே நின்றவள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். “நாங்க சுவிட்ச் மாத்தினதுலேருந்து” என்றாள். அவர் என்று சொல்லவில்லை, நாங்க என்றாள்.

முகம் மறைந்தது. பிறகு ‘டக்’கென்று ஒரு சத்தம், வளைவு இருண்டது. அண்ணன் மனைவி கையை நீட்டித் தட்டினாள். வெளிச்சம் வந்தது. மேலே மறுபடி டக், இருட்டு. இவள் தட்டினாள், வெளிச்சம்.

சோதனை எப்போதோ முடிந்துவிட்டது. மாஸ்டர் கருவிகளை எடுத்துப் பையில் வைத்தார், அவள் தரையில் சிந்திய சுண்ணாம்புத் தூளைக் கையால் கூட்டி அள்ளினாள். இரண்டு பெண்களும் நிறுத்தவில்லை. படிக்கட்டு அணைந்து அணைந்து எரிந்தது. அதற்கு நடுவே மாடியில் கைத்தடி ஊன்றும் சத்தம், ஒவ்வோர் ஊன்றாக நெருங்கி வந்து, படியின் உச்சியில் நின்றது. விளக்கு அப்போது எரிந்துகொண்டிருந்தது. மேலேயும் கீழேயும் சுவிட்சின் மேல் வைத்த கைகள் அசையாமல் இருந்தன.