புள்ளி போன பல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கீ செயின் கடை வைத்திருப்பவளுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். கல்யாணப் பரிசுக்கு மணமக்கள் படம் போட்டுக் கொடுத்தால், மாப்பிள்ளை மூக்கைச் சின்னதாக்க முடியாதா என்று கேட்கிறார்கள். பிறவி மூக்குக்கு என் மிஷின் என்ன செய்யும்? வீட்டிலும் என் மகனும் அவன் அப்பாவும் எனக்குச் சரிக்குச் சரி வாயாடுவார்கள். எங்கள் வீட்டில் சத்தம் இல்லையென்றால் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம்.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் பல் டாக்டர். தங்கமான பெண். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அவளுடைய வெள்ளைக் கோட்டைக் கலர் துணியோடு போட்டு ரோஸ் ஆக்கினேன். "பரவாயில்லை அத்தை" என்றாள். அவள் தூங்கும்போது மிக்ஸி ஓட்டினேன், அதற்கும் பரவாயில்லை. எங்களோடு ஒரு சண்டைகூடப் போடாமல், வாடகைக்கு வந்தவள் மாதிரி ஓரமாகவே நடந்தாள். இவள் எப்போதுதான் நம் வீட்டுப் பெண் ஆவாள் என்று எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சொந்தமாக கிளினிக் திறக்கப் போகிறாள் என்றதும், வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கீ செயினை நான்தான் செய்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். பல் வடிவத்தில் வெள்ளை அக்ரிலிக். மேல் வரியில் "பல்", கீழ் வரியில் "வலியா? வாங்க!" அவளே அளவு பார்த்துக் கொடுத்த டிசைன். என் கை சும்மா இருக்குமா? கண்ணாடி போடாதவர்களுக்கும் தெரியட்டும் என்று பாசத்தில் மேல் வரியைப் பெரிதாக்கினேன். அச்சடித்து, வளையம் மாட்ட மேலே வழக்கமான இடத்தில் ஓட்டை போட்டேன். எழுத்து பெரிதானதில் 'ல்'லின் புள்ளி ஏறிப்போய் அந்த இடத்தில் நின்றதை நான் கவனிக்கவில்லை. ஓட்டை புள்ளியைச் சுத்தமாக விழுங்கிவிட்டது.

"பல வலியா? வாங்க!"

ஓட்டையே புள்ளி மாதிரிதானே இருக்கிறது என்றார் கணவர். வளையத்தை மாட்டிக் காட்டினேன். ஓட்டை மறைந்து வளையம்தான் தெரிந்தது. விடிந்தால் திறப்பு, வேறு செய்ய அக்ரிலிக்கும் இல்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கே போனேன். மருமகள் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திட்டுவாளோ என்று எனக்குப் பயமில்லை. இதற்கும் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டால் இந்த ஜென்மத்தில் எங்களுக்குள் ஒட்டாது என்றுதான் பயம்.

ஒன்றை எடுத்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். முகம் சிவந்தது.

"கண்ணை எங்க வச்சிருந்தீங்க அத்தை? அளவு பாத்துத்தானே குடுத்தேன், அதுல ஏன் கை வச்சீங்க? நாள் முழுக்க ஓட்டை அடைக்கிறவ நான். நீங்க ஓட்டை போட்டு, கிளினிக் திறக்கிறதுக்கு முன்னாடியே என் பல்லைப் புடுங்கிட்டீங்களே."

சொன்ன வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். எனக்கோ உச்சி குளிர்ந்துபோயிருந்தது.

"மன்னிப்பெல்லாம் வேணாம்மா. நிறுத்தாதே, இன்னும் திட்டு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் விளையாடவில்லை என்று புரிந்ததும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அப்ப சொல்றேன். கல்யாணம் ஆனதுலேருந்து உங்க காபியைக் குடிக்க முடியல. சர்க்கரையை அள்ளிக் கொட்டுறீங்க. ஒரு பல் டாக்டருக்குக் குடுக்கிற காபியா அது?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகும் அவள் விடவில்லை. அடுத்து நான் பல் தேய்க்கும் லட்சணத்துக்கு வந்தாள்.