ஒரு சுழி குறைந்த குதிரை

எங்கள் சந்தையில் கறுப்புக் குதிரை மட்டும்தான் விற்கும். கழுத்துப் பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் குதிரை. மார்வாரி என்று எழுதினால் இரண்டு காதும் வளைந்து நுனியில் முட்டிக்கொள்ளும். அழித்துவிட்டு மட்டம் என்று எழுதினால் கால் குட்டையாகிவிடும். யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை.

நான் பாவாத்தாள் என்ற பெண்குதிரையைக் கொண்டுபோயிருந்தேன். சூளையில் அவளும் நானும் சேர்ந்துதான் செங்கல் மண் மிதித்தோம். இப்போது அதற்கு மிஷின் வந்துவிட்டது. முதலாளி விற்றுவிட்டு வரச் சொன்னார். எனக்கு மனமில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

தரகர் பொங்கியண்ணன் வெற்றுப் பலகையை நீட்டினார்.

"என்ன சாதிக் குதிரை?"

"மண்ணு மிதிக்கிற சாதிங்க."

"அப்படியொன்னு இல்லியே. சரி, 'எண்'ணுன்னு மட்டும் போடு. நம்பரு மத்தியானத்துக்குள்ள தானா மொளச்சுக்கும். எழுதத் தெரியுமா, நான் எழுதட்டுமா?"

"தெரியுமுங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

தலை நரைத்த பிறகு முதியோர் பள்ளியில் எழுத்துக் கற்றவன் நான். பாவாத்தாள் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு கூடவே கற்றாள். அவளுக்குச் சீக்கிரம் வந்தது. எனக்குச் சுழிகள்தான் நிற்கவில்லை.

சாக்கட்டி தீரும்வரை அழுத்தி எழுதினேன். 'என்' என்று விழுந்துவிட்டது.

ஒரு குடைக்காரர் வந்தார். பாவாத்தாளின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். பிறகு பலகையை வாசித்தார்.

"என்... அட, என் குதிரை!"

கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அடுத்து ஒரு கூடைக்கார அம்மாள் வாசித்தாள்.

"கையெடுங்க. என் குதிரை."

அவள் வாலைப் பிடித்தாள். இரண்டு பேரும் சொன்னது சரிதான். வாசித்தவர்களுக்கெல்லாம் அவள் சொந்தமாகிக்கொண்டே போனாள். இழுக்க இழுக்க நீண்டாள். தலை நுழைவாயிலில் இருந்தது. வால் பஜ்ஜிக் கடையைத் தாண்டியது. நடு உடம்பு கொடிக்கயிற்றின் கனத்துக்கு வந்துவிட்டது. கடைக்காரர் அதில் துண்டைக் காயப்போட்டார்.

பொங்கியண்ணன் ஓடி வந்தார்.

"ஏப்பா, ஒரு சுழி கொறையுதே! மூணு சுழி இருந்தாத்தான் நம்பரு. இன்னும் ரெண்டு பேரு படிச்சா குதிரை ரெண்டா அந்துபோயிரும்."

"சாக்கட்டி தீந்துபோச்சுங்க."

"நெத்திச் சுழியப் பிடுங்கி ஒட்டு. நம்பராயிட்டா ஒருத்தர்கிட்டப் போயிரும்."

"நெத்திச் சுழி போனா அவளுக்கு என்னை அடையாளம் தெரியுமுங்களா?"

"நம்பருக்கு எதுக்கப்பா அடையாளம்?"

நான் என் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தேன்.

"எனக்கு ரெட்டைச் சுழிங்க. இதுல ஒன்னு ஆகுமுங்களா?"

"ரெட்டைச் சுழிக்கு ரெண்டு பொண்டாட்டியாச்சே?"

"ஒன்னுகூட வாய்க்கலீங்க."

"அப்படின்னா புழங்காத சுழிதான். பிடுங்கு."

பிடுங்க இரண்டு கையும் வேண்டும். பலகையை அவள் கழுத்திலிருந்து கழற்றி என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். உடனே எல்லோரும் கையை விட்டார்கள். பாவாத்தாள் பழைய அளவுக்குச் சுருங்கினாள். துண்டு கீழே விழுந்தது.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். குடைக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். வாயைத் திறந்தார்.

அதற்குள் பாவாத்தாள் குனிந்து வாசித்துவிட்டாள்.

"என்" என்றாள்.

பிறகு நாக்கை நீட்டிப் பலகையைச் சுத்தமாக நக்கினாள். ஓர் எழுத்தும் மிச்சமில்லை.

"அப்ப யாவாரம் முடிஞ்சுது" என்று பொங்கியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அது என் துண்டுங்க" என்றார் கடைக்காரர்.

பாவாத்தாள் பலகைக் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் போனேன். வாசலில் காவலாளி மறித்தார். அவளிடம்தான் கேட்டார்.

"பல்லுப் பாத்து வாங்குனயா?"

"பாத்தேன். வயசாச்சு. இருந்தாலும் மண்ணு மிதிப்பான்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.