தரை இருந்த இடம்

குனிந்து குனிந்து மாதங்கியின் இடுப்பு விட்டுப்போயிருந்தது. விடிந்ததிலிருந்து வீட்டுக்குள் நின்ற தண்ணீரை வாளியால் அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். வெளியேயும் அதே முழங்கால் தண்ணீர்தான். ஊற்றியது திரும்பி வந்தது. கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கியிருந்தார்கள். கட்டிலில் அப்பா மகாதேவன் செத்துக் கிடந்தார்.

"விடுக்கா. வாளிய வை," என்றான் தம்பி மகேஷ்.

"கட்டில்லயே விட்டுடச் சொல்றியா? தரையில இறக்க வேணாமா?"

உயிர் போனவரைத் தரையில் தெற்கே தலைவைத்துக் கிடத்த வேண்டும் என்று, அம்மா செத்தபோது அப்பாதான் நின்று செய்தார். இப்போது அவருக்கு ஒரு ஆள் நீளத் தரை இல்லை.

சுற்றுவட்டாரத்தில் காய்ந்த இடம் ஒன்றுதான். சந்தின் கோடியில் இருந்த குளத்தை மண் கொட்டி மேடாக்கி வார்டு அலுவலகம் பூங்கா போட்டிருந்தது. சோலார் விளக்கு, சிமெண்ட் பெஞ்சு, பசுமை வார்டு என்று ஒரு நீலப் பலகை. வார்டுக் கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள். வீட்டு விலை ஏறும் என்று பேச்சு. மகேஷும் தூக்கினான். வங்காளத்துக்குப் பிழைக்க வந்து கிதிர்ப்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கி வளைந்த முதுகோடு அப்பா மட்டும் எழுந்து, மழைத்தண்ணி இனி எங்கே போகும் என்று தனக்குத் தெரிந்த வங்காள மொழியில் கேட்டார். பெரிய குழாய் வரும், திட்டத்தில் இருக்கிறது என்றார்கள். பூங்கா வந்தது. குழாய் திட்டத்திலேயே இருந்தது. அந்த மண்ணில் என் கால் படாது என்று சொன்னவர், கடைசிவரை சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போனார்.

சவ வண்டி சந்துக்குள் வராது, பூங்காவுக்கு மறுபக்கம் சாலையில் நிற்கும் என்று போன் வந்தது.

"பூங்காவுலதான் இறக்கணும்," என்றான் மகேஷ்.

"அவரு சொன்னது மறந்துபோச்சா?"

"கால் படாதுன்னாரு. நாமதானே தூக்கிட்டுப் போறோம்."

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்புக்குச் சொல்லவில்லை. அப்பாவின் பாதங்களைக் கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு வாளியை வைத்தாள்.

அக்கம்பக்கத்து ஆண்கள் சேர்ந்து கட்டிலோடு தூக்கினார்கள். மிதந்து வந்த குப்பையை மாதங்கி முன்னால் போய்க் கையால் விலக்கினாள். கவுன்சிலரின் ஆள் ரஞ்சன் பூங்காப் பூட்டைத் திறந்துவைத்திருந்தான். கவுன்சிலர் மாலை அனுப்புவார், மகாதேவன் காக்காவோடு எங்களுக்கு ஒரு பகையும் இல்லை என்றான்.

"குழாய் எப்போ வரும், ரஞ்சன்?"

"அடுத்த பட்ஜெட்ல, தீதி," என்றான், செருப்பைப் பார்த்துக்கொண்டு.

புல்லில் தெற்கே தலைவைத்து இறக்கினார்கள். குளிப்பாட்டப் பூங்காக் குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது. இணைப்பே கொடுக்கவில்லை. சந்துத் தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தது. அதை அவர் தலையில் ஊற்ற அவளுக்குக் கை வரவில்லை. வீட்டில் குடிக்கக்கூட நல்ல தண்ணீர் இல்லை.

பின்னாலேயே வந்திருந்த பக்கத்துவீட்டு அம்மாள், அவர்கள் காக்கிமா என்று கூப்பிடுபவள், தண்ணீருக்குள் இறங்கித் திரும்பிப் போனாள். வரும்போது இடுப்பில் ஒரு குடிதண்ணீர் கேன் இருந்தது. வேண்டாம், உங்கள் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றாள் மாதங்கி. காக்கிமா மூடியின் உறையைத் தானே கிழித்தாள்.

ஊற்ற ஊற்ற அது அப்பாவின் நெற்றியில் வழிந்து புல்லுக்குள் போயிற்று. கேன் காலியானது.

தண்ணீர் வடியும்வரை கேன்காரன் இந்தப் பக்கம் வரமாட்டான். காக்கிமா வீட்டுக்கு மாதங்கி தர வேண்டிய பாக்கி, ஒரு கேன் குடிதண்ணீர்.