விட்டுப்போன பதினான்காவது சொல்

ஆஸ்பத்திரி நிர்வாகம் கொடுத்த தாளில் பதினான்கு சொற்கள் இருந்தன. பதின்மூன்றை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றை விட்டேன். மறந்துபோய் விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் என்மேல் இரக்கப்பட வேண்டாம், எனக்கு அது பிடிக்காது.

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் நான் இஸ்திரிப் பிரிவுக்கு மேற்பார்வை. எனக்குக் கீழே நாற்பது பெண்கள். வார்டுகளிலிருந்து வருகிற படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறை அங்கி எல்லாம் வெளுத்து, காய்ந்து, எங்கள் கையில் மடிந்து திரும்பிப் போகும். மூன்று மாதத்துக்கு முன் அலுவலகத்தில் ஒரு மகராசன் மெயிலில் வந்த லிங்க்கைத் தட்டிவிட்டான். இரண்டு நாள் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் செத்துக் கிடந்தன. தட்டினவன் ஏசி அறையில் இருக்கிறான், போன், கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பாடம் எங்களுக்கு!

"உனக்குத்தான் தொண்டை பெருசு, நீயே சொல்லிக் கொடுத்துடும்மா" என்று மேனேஜர் தாளை என் கையில் திணித்தார்.

வேறு சமயமாக இருந்தால் அவரிடம் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அன்று பேசாமல் வாங்கிக்கொண்டேன். காரணம் என் தங்கை, இந்தப் பாடம் அவளுக்கு வேண்டியிருந்தது. அப்போது ஏழு மாதமாக என் வீட்டில் இருந்தாள், மடிப்பு மேசையில் வேலை செய்தாள். அவள் புருஷன் ஒரு சாயங்காலம் அவள் மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினான். அன்றே கட்டின புடவையோடு பேருந்தேறி என் ஊருக்கு வந்தாள். நான் எந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன் என்பதும், என் வீடு எங்கே என்பதும் அப்போது அவனுக்குத் தெரியாது. நான் வீடு மாறி, வேலை மாறி வெகுநாள் ஆகிறது. அவன் அவளைக் கண்டுபிடிக்கக் கூடாது. எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

அவள் போனை நானே சுத்தம் செய்தேன். புது நம்பர், புது மெயில், லொகேஷன் அணைத்தாயிற்று, படம் போடுகிற கணக்கு எல்லாம் அழித்தாயிற்று. என் நம்பரை மட்டும் மாற்றவில்லை. அவன் நம்பரை பிளாக் செய்ததோடு விட்டுவிட்டேன். அவனுக்குப் பயந்து நான் ஏன் மாற்ற வேண்டும், நான் என்ன திருடியா?

பகல் சாப்பாட்டு வேளையில் வகுப்பு. தாளில் இருந்ததை அப்படியே படித்திருந்தால் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். அதனால் எங்கள் வேலையை வைத்தே சொன்னேன்.

"மால்வேர்னா என்ன? தொத்து வார்டு துணி சிவப்புப் பையில வருதில்ல? அதுல ஒண்ணு வெள்ளைத் துணியோட கலந்துட்டா மொத்த மெஷினும் நாசம். அதான். பிஷிங்னா, எவனோ ஒருத்தன் நம்ம சட்டையை மாட்டிக்கிட்டு வந்து 'அம்பது விரிப்பு குடு'ன்னு நிக்கிறான். சீட்டு கேப்பியா, மாட்டியா?"

"கேப்போம்!" என்று கத்தினார்கள்.

"லிங்க் வந்தாலும் கேளு. ஓடிபியைப் பெத்த தாய் கேட்டாலும் சொல்லாதே. பாஸ்வேர்டுல புருஷன் பேரு, புள்ள பேரு வேண்டாம்."

"நாய் பேரு வைக்கலாமாக்கா?" என்றாள் ஒருத்தி.

"உன் வீட்ல புருஷனும் நாயும் வேறவேறயா இருந்தா வச்சுக்கோ."

கூடமே அதிர்ந்தது. தங்கையும் சிரித்தாள். ஏழு மாதத்தில் அவள் பல் தெரிந்தது அன்றைக்குத்தான்.

பதினான்காவது சொல் 'சமூகப் பொறியியல்'. கீழே விளக்கம் இருந்தது: கருவியை உடைக்காமல், மனிதரிடம் நம்பும்படி பேசித் தகவலைக் கறப்பது. படித்தேன், புரிந்தது. புரிந்ததுதான் வினை. இது போன் விஷயம் இல்லை, ஆள் விஷயம் என்று நினைத்தேன். பேச்சில் என்னை ஏமாற்ற ஒருத்தன் பிறந்து வர வேண்டும் என்ற திமிர் எனக்கு. மணியும் அடித்துவிட்டது. அந்தச் சொல்லின்மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு எழுந்தேன்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. ஒருமுறை ஒருத்தியின் போன் விரிப்போடு மெஷினுக்குள் போய் நொறுங்கி, கண்ணாடிச் சில்லு குழந்தைகள் வார்டு வரைக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து வாசலில் எண் போட்ட அறைகளோடு ஒரு மரப்பெட்டி. எல்லோர் போனும் அதில்தான் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்கிறவளைப் பெட்டியக்கா என்போம். ஒரு போன் விடாமல் மூன்று தரம் அடித்தால் அவள் எடுப்பாள். குழந்தைக்குக் காய்ச்சல், மாமனார் விழுந்துவிட்டார் என்று எது வந்தாலும் ஓடிவந்து சொல்வாள். அவள் இல்லாவிட்டால் எத்தனையோ பேர் வீட்டில் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. என் வகுப்பில் பதின்மூன்று சொல்லையும் நோட்டில் எழுதிக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

வகுப்பு முடிந்து ஐந்தாம் நாள். எங்களுக்கு இரண்டு மணிக்கு வேலை முடியும். கணக்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நான் வருவதற்குள் தங்கை போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெட்டியக்கா என் போனை நீட்டியபடி முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்.

"உன் தங்கச்சிக்கு ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் வந்துடுச்சாம்மா. லேப்லேர்ந்து காலையிலயே உன் போனுக்கு அடிச்சாங்க. 'அவங்க நம்பர் போகவே மாட்டேங்குது, ரிப்போர்ட்ல அவசரம்னு போட்டிருக்கு'ன்னு பாவம் ரொம்பப் பதறினாரு."

"எந்த லேப்? அவ எந்த டெஸ்ட்டும் எடுக்கலியே?"

"அப்படியா? ரொம்ப மரியாதையா பேசினாரும்மா. அவ இங்கயா வேலை பாக்கறா, எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டாரு, சொன்னேன். ஆளையே அனுப்பி வைக்கிறோம், எந்த வாசல்னு கேட்டாரு. துணி வண்டி நிக்கிற பின்வாசல், ரெண்டு மணின்னு சொன்னேன். ஆளே வருதே, வேலை நடுவுல எதுக்குப் பயமுறுத்தணும்னு இப்பதான் அவகிட்டயும் சொல்லி அனுப்பினேன், வாசல்லயே வாங்கிக்கோன்னு. என்ன ரிப்போர்ட்டுன்னு பாக்கறேன்னு போனா."

செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

துணி வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. அந்த இரும்புக் கதவில் அவள் முகத்தை வைத்து அவன் மோதிக்கொண்டிருந்தான். கோபத்தில் அடிக்கிறவன் மாதிரி இல்லை. வேலை செய்கிற மாதிரி நிதானமாக, ஒரு சத்தமும் போடாமல் செய்தான். டிரைவரும் மூட்டை ஏற்றுகிற இரண்டு பேரும் அவனைப் பிய்த்து எடுத்தார்கள். நான் என்ன செய்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. என் கையில் அவன் தலைமுடி கொத்தாக இருந்தது என்று பிறகு சொன்னார்கள். போலீஸ் வந்து கூட்டிப்போனது. நான்காம் நாள் ஜாமீனில் வெளியே வந்தான்.

தங்கையை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மேல்மாடி வார்டில் படுக்க வைத்தார்கள். தாடை உடைந்து கம்பி போட்டிருந்தது. முன்பல் மூன்று இல்லை. வலது கண் திறக்கவில்லை. அவளுக்கு விரித்திருந்தது எங்கள் பிரிவில் மடித்த விரிப்புதான், மடிப்பின் தடம் அப்படியே இருந்தது. கண் விழித்ததும் அவள் வலிக்கிறது என்று சொல்லவில்லை. கையை ஆட்டித் தன் போனைக் கேட்டாள். பல்லிடுக்கு வழியாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள்.

"லொகேஷன் ஆஃப்லதானேக்கா வச்சிருந்தேன். எங்க தப்பு பண்ணேன்? நீ பாரு."

ஐயோ, அந்தக் கேள்வியைக் காதால் கேட்டுவிட்டு உயிரோடு நிற்கிறேனே! அடிவாங்கினவள் தன் போனில் தப்பைத் தேடுகிறாள்.

"நீ ஒண்ணும் பண்ணலடி. போன் மேல தப்பே இல்ல" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், கோடு போட்டு விட்ட சொல்லையும் சேர்த்து. அவள் திறந்திருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த நாள் பெட்டியக்காவை நாற்பது பேருக்கு முன்னால் வாய்க்கு வந்தபடி ஏசினேன். காது கொடுத்துக் கேட்க முடியாத பேச்சு. அவள் அழுதுகொண்டே நோட்டை எடுத்து வந்து விரித்துக் காட்டினாள்.

"நீ சொன்னதுல இது இல்லியேம்மா. இருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேனே."

வாரக் கடைசியில் நிர்வாகம் அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. போய்த் தடுத்திருக்க வேண்டியவள் நான். போகவில்லை. மேனேஜர் எதிரில் அந்தக் கோட்டைப் பற்றிப் பேச எனக்குத் துணிவில்லை.

பதினெட்டாம் நாள் காலை, பெண்கள் பாதுகாப்பு இல்லத்திலிருந்து ஒரு அம்மா காரோடு வந்தார். தங்கைக்கு வேறு ஊர், வேறு பெயர் எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. பையை நான் தூக்கி வைத்தேன்.

"எந்த ஊருன்னு மட்டும் சொல்லிட்டுப் போடி."

தலையை ஆட்டினாள். "கேக்காதக்கா."

"எனக்குக்கூடவா?"

"உனக்குத்தான் முதல்ல சொல்லக் கூடாது. அவன் உன்கிட்டதான் வருவான். யாராவது யாரையாவது விட்டுக் கேப்பாங்க. நீ பாசத்துல வாய் விட்டுடுவே." கம்பி போட்ட வாயால் சிரமப்பட்டு முடித்தாள். "நான் போன் பண்ண மாட்டேன். நான்தான்னு சொல்லி யாராவது பண்ணாலும் நம்பாதே. பேச்சே குடுக்காதே. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். கார் தெருமுனை திரும்பும் வரைக்கும் நின்றேன். அவள் சொன்னது முழுக்கச் சரி. அதுதான் என்னை அறுக்கிறது.

ஏழு வாரம் ஆயிற்று. நேற்று முன்தினம் மத்தியானம் வேலை முடிந்து பேருந்துக்கு நின்றிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. எடுத்தேன்.

"அக்கா."

கம்பி எடுத்தபின், பல் போன வாய்க்கு 'அக்கா' எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. அவளாக இருக்கலாம். அவன் ஏவிவிட்ட யாரோ ஒருத்தியாகவும் இருக்கலாம்.

"அக்கா, நான்தான். ஒரு நிமிஷம் பேசுக்கா."

"யாரும்மா நீ? எனக்குத் தங்கச்சியே கிடையாது, தப்பான நம்பர்" என்றேன்.

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. கேட்டுக்கொண்டே அழைப்பை வெட்டி, அந்த நம்பரை பிளாக் செய்தேன்.